32 பைட்டுக்குள் ஓர் ஊர்ப்பெயர்: கம்பியில்லா அணுகுமுனையும் தமிழெழுத்தும்

செம்பவாங் வட்டாரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறு கூடத்தில், வார இறுதிகளில் மாணவர்களோடு கூடித் தமிழ் நூல்களை வாசிப்பது எங்கள் வழக்கம். அக்கூடத்திற்கு அன்பர் ஒருவர் தம் வீட்டில் பயன்படாமல் கிடந்த வைஃபை கருவி ஒன்றை அளித்தார். அதற்குத் தமிழில் பெயர் சூட்ட வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினர். பல பெயர்கள் முன்மொழியப்பட்டு, கடைசியில் 'சிங்கப்பூர்' என்பதே எல்லாருக்கும் ஏற்புடையதாயிற்று. அமைப்புப் பக்கத்தில் அப்பெயரைத் தட்டெழுதிச் சேமித்தோம். கருவி மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கைபேசிகளில் தோன்றியதோ 'சிங்கப்பூர' என்பதும், அதன் பின்னே கறுப்புச் சாய்சதுரத்துள் ஒரு கேள்விக்குறியும். மற்றொரு கைபேசியில் எழுத்தே இல்லை. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட வரி ஒன்று நின்றது. "புள்ளியைக் காணோமே, சார்" என்றான் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

அந்தப் புள்ளி எங்கே போயிற்று என்று தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை. கம்பியில்லா இணையக் கருவியை அமைப்பது பொறியாளர் வேலை, அதில் தமிழாசிரியருக்கு என்ன பங்கு என்று எண்ணியிருந்தோம். இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். கம்பி வழியே வரும் இணைப்பை வானலையாக மாற்றி, கைபேசிகளையும் கணினிகளையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் கருவியை ஆங்கிலத்தில் ஆக்ஸஸ் பாயின்ட் என்பர்; தமிழில் அணுகுமுனை எனலாம். வீட்டில் நாம் ரவுட்டர் என்று அழைக்கும் பெட்டிக்குள்ளும் ஓர் அணுகுமுனை இருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் பல கட்டங்கள் தென்படும்: வலையமைப்பின் பெயர், கடவுச்சொல், மறையாக்க முறை, அலைத்தடம், அலையின் வலிமை, நாடு. இவற்றுள் முதலாவதான பெயரையே எஸ்எஸ்ஐடி என்று குறிப்பிடுவர். கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தவுடன் நம் கண்ணில் படுவது அதுதான்.

அணுகுமுனை தன் பெயரை ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கிறது. பீக்கன் எனப்படும் சிறு அறிவிப்பை வழக்கமாக 102.4 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை, அது வானில் விடுகிறது. அந்த அறிவிப்பில் பெயருக்கென ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட். 802.11 என்னும் தொழில்நுட்பத் தரம் 1997ஆம் ஆண்டு வெளிவந்தபோது வகுக்கப்பட்ட அளவு அது, இன்றுவரை மாறவில்லை. தரம் 'எழுத்து' என்று சொல்லவில்லை, பைட் என்றே சொல்கிறது. அந்தப் பைட்டுகளை எம்மொழியாகப் படிப்பது என்பதையும் அது நெடுங்காலம் சொல்லாமலே விட்டது. இப்பெயர் யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டது என்று அறிவிக்கும் ஓர் அடையாளம் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது.

இனி எண்ணிப் பார்ப்போம். 'சிங்கப்பூர்' என்பதில் எத்தனை எழுத்து? இலக்கண வகுப்பில் விடை 6: சி, ங், க, ப், பூ, ர். உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் 9: ச், இ, ங், க், அ, ப், ப், ஊ, ர். கணினியின் கணக்கு இவ்விரண்டும் அன்று. யூனிகோடு முறையில் 'சி' என்பது 'ச' என்ற குறியும் இகர விசிறிக் குறியும் சேர்ந்தது, ஆகவே 2. 'ங்' என்பது 'ங' என்ற குறியும் புள்ளியும் சேர்ந்தது, அதுவும் 2. 'க' தனித்து நிற்பதால் 1. 'ப்', 'பூ', 'ர்' ஒவ்வொன்றும் 2. மொத்தம் 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 33. இருப்பதோ 32.

ஒரே ஒரு பைட்டு மிகுந்துவிட்டது. எங்கள் கருவி அதைச் சொல்லாமல் வாலை நறுக்கிவிட்டது. நறுக்குண்டது கடைசிக் குறியின் மூன்றாம் பைட்டு. கடைசிக் குறியோ ரகரத்தின் மேல் இருந்த புள்ளி. எஞ்சிய இரண்டு பைட்டுகளால் எதையும் குறிக்க இயலாமையால், கைபேசி கேள்விக்குறியை இட்டுக்காட்டியது. ஓலைச்சுவடி எழுதியவர்களும் பெரும்பாலும் புள்ளி இடாமலே விட்டார்கள். படிப்பவர் இடமறிந்து புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். கைபேசிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நாட்டின் பெயரை எழுதி எண்ணச் சொன்னோம். ஆங்கிலத்தில் 9 எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட்டாக 9 பைட். மலாயில் 'சிங்கப்பூரா' என்பதை ரோமன் எழுத்தில் எழுதினாலும் 9 எழுத்து, 9 பைட். சீனத்தில் 3 எழுத்து, எழுத்துக்கு மூன்றாக அதுவும் 9 பைட். தமிழில் 33. பொதுவிடங்களில் 2006ஆம் ஆண்டின் இறுதி முதல் கிடைத்துவரும் 'வயர்லெஸ்@எஸ்ஜி' என்ற இலவச இணையச் சேவையின் பெயரும் ஆங்கிலத்தில் 11 குறிகள் கொண்டதே. அதற்கு 11 பைட் போதும். அதே 11 குறிகள் தமிழில் வந்தால் மூன்று மடங்கு.

இவ்வேற்றுமை யாரும் வேண்டுமென்று செய்தது அன்று. கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவர் 1992ஆம் ஆண்டு யூடிஎஃப்-8 முறையை வகுத்தபோது, முதல் 128 குறிகளுக்கு ஒரு பைட், 2047ஆம் எண் வரை இரண்டு, அதற்கு மேல் 65,535 வரை மூன்று என்று படிநிலை அமைத்தனர். ஆங்கிலம் முதற்படியில் அமர்ந்தது. ஜாவி எழுத்து உட்பட அரபு வகை எழுத்துகளின் அடிப்படைத் தொகுதி இரண்டாம் படியில் வந்தது. யூனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை. சற்றே தள்ளி மூன்றாம் படியில் விழுந்துவிட்டது.

மற்றொரு காரணம் ஆசிரியர்களுக்கு இன்னும் சுவையானது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையைப் பின்பற்றியே யூனிகோடு இந்திய மொழிகளுக்கு இடம் அளித்தது. அம்முறையில் அகரம் ஏறிய 'க' தான் அடிப்படை. அகரத்தை நீக்கிக் 'க்' ஆக்க ஒரு குறியைக் கூட்ட வேண்டும். தொல்காப்பியர் காட்டும் வழி இதற்கு நேர்மாறு. அவருக்குப் புள்ளியோடு நிற்பதே மெய்யின் இயல்பு. உயிர் வந்து ஏறும்போது புள்ளி நீங்குகிறது. இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. கணினியில் அதற்கு ஆறு பைட்டு! ஒரு மாத்திரை ஒலிக்கும் 'க' மூன்றோடு நின்றுவிடுகிறது. ஒலியால் சிறியது இடத்தால் பெரியதாகிவிட்டது. ஒற்று மிகும் இடங்கள் நிறைந்த நம் மொழிக்கு இது சற்றுச் செலவு மிக்க ஏற்பாடுதான். தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 என்னும் முறை, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தருகிறது. அம்முறையில் 'சிங்கப்பூர்' 6 குறி, 18 பைட்டில் அடங்கும். ஆயினும் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. நம் கைபேசிகள் அதைப் படிப்பதில்லை. எல்லாரும் படிக்கும் முறையில் சற்று நெருக்கி எழுதுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இத்தகைய நெருக்கடிகளைச் சிங்கப்பூர்த் தமிழர் முன்பும் சந்தித்துள்ளனர். 1995 அக்டோபரில், நான்கு மொழிக் கவிதைகளையும் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெறப் பாடுபட்டவர் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதத்தில் தமிழ் இணையத்திற்கான முதல் அனைத்துலகக் கருத்தரங்கு இங்கேதான் கூடியது. எழுத்துருவும் விசைப்பலகையும் ஆளுக்கொன்றாக இருந்த அக்காலத்தில், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலுமா என்பதே கேள்வி. அதே 1997இல்தான் 802.11 தரமும் வெளிவந்தது என்பதை எண்ணும்போது சற்று வியப்பாக உள்ளது. தமிழ் எவ்வாறு கணினியில் நிற்கும் என்று இங்கே பேசிக்கொண்டிருந்த ஆண்டில், வேறோரிடத்தில் 32 என்ற எல்லை எழுதப்பட்டுவிட்டது. இணைய முகவரிகளின் கதை வேறாக முடிந்தது. '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முகவரி ஈறு 2011ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற்கு உரியதாக உள்ளது. முகவரியின் ஒவ்வொரு பகுதிக்கும் 63 இடங்கள் உண்டு. தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்துகளாலான ஒரு மறைவடிவம் பெற்று அதில் எளிதாக அடங்கிவிடுகிறது. முகவரியில் நுழைந்த பெயர் வைஃபை பட்டியலில் மட்டும் ஒரு பைட்டால் வெளியே நிற்கிறது.

எங்கள் கூடத்திற்குத் திரும்புவோம். நாட்டின் பெயர் அடங்கவில்லை; ஊரின் பெயர் அடங்குமா? 'செ' 2, 'ம்' 2, 'ப' 1, 'வா' 2, 'ங்' 2. ஆக 9 குறி, 27 பைட். அடங்கியது மட்டுமன்றி ஐந்து பைட்டும் மிஞ்சியது. இடைவெளிக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என்று 'செம்பவாங் 2' என எழுதினாலும் 29 தான். மாணவர்கள் கைதட்டினர். இலக்கணம் கற்ற மாணவி ஒருத்தி ஒரு தடை எழுப்பினாள்: ஙகர மெய்யில் ஒரு சொல் முடியலாமா? முடியக்கூடாது என்பதே நன்னூல் விதி. விதிக்கு இணங்கக் குற்றியலுகரம் சேர்த்துச் 'செம்பவாங்கு' என்று எழுதிப் பார்த்தோம். 11 குறி, 33 பைட். மீண்டும் ஒன்று மிகை! அயல்மொழி ஊர்ப்பெயருக்கு வழக்கில் உள்ள வடிவமே போதும் என்று முடிவு செய்தோம்.

சொல் தேர்வு இங்கே ஒரு பயிற்சியாகிறது. 'தமிழ் வகுப்பு' என்றால் 37 பைட், அடங்காது. 'தமிழ் அறை' என்றால் 25. அதையே புணர்த்தித் 'தமிழறை' என்று எழுதினால் 18. ழகரத்தின் புள்ளியும், அகரமும், இடைவெளியும் புணர்ச்சியில் மறைவதால் ஏழு பைட்டுகள் மிச்சம். புணர்ச்சி விதிக்கு இப்படியொரு பயன் இருப்பதை எந்தப் பாடநூலிலும் நாங்கள் கண்டதில்லை.

இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசமானது. கூடத்தின் மறுகோடியில் அலை எட்டவில்லை. ஆகவே இன்னொரு கருவியை வைத்தோம். ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் ஒரே மறையாக்க முறையும் இருந்தால், நடந்து செல்லும் கைபேசி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே மாறிக்கொள்ளும். அப்போது 'மொழிமன்று' என்ற பெயரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். முதற்கருவியில் அதைத் தட்டெழுதினோம். இரண்டாவதில், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட ஒரு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினோம். கைபேசியில் 'மொழிமன்று' இரண்டு முறை தோன்றியது. ஒன்றில் இணைந்திருந்த கைபேசி மற்றொன்றைப் புதிய வலையமைப்பாகக் கருதிக் கடவுச்சொல் கேட்டது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த அவ்விரு பெயர்களும் பைட்டளவில் வெவ்வேறு. 'மொ' என்னும் எழுத்தை யூனிகோடில் இருவகையாக எழுதலாம். ஒகரத்திற்கென உள்ள ஒரே குறியைச் சேர்ப்பது ஒருவகை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரு குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. முதல் வகையில் 'மொழிமன்று' 27 பைட், இரண்டாம் வகையில் 30. ஓகாரமும் ஔகாரமும் அவ்வாறே. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதிக்கிறது. ஆயினும் வைஃபை தரம் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டை மட்டுமே ஒப்பிடுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கண்ணால் பிரித்தறிய இயலாத பெயரொன்றைத் தீயவர் ஒருவர் தம் கருவிக்குச் சூட்டி, நம் மாணவர்களைத் தம்பால் இழுக்கக்கூடும். உண்மையில் அவருக்கு இவ்வளவு நுட்பமும் தேவையில்லை. அதே பெயரை அப்படியே சூட்டவும் தடை ஏதுமில்லை, ஏனெனில் பெயர் யாருடைய உடைமையும் அன்று. ஆகவே, வைஃபை பட்டியலில் தெரியும் பெயரை அடையாளமாகக் கொள்ளலாமே தவிர, சான்றாகக் கொள்ளலாகாது என்பதை மாணவருக்குச் சொல்லியாக வேண்டும். பழகிய பெயர் திடீரென்று மீண்டும் கடவுச்சொல் கேட்டால், தட்டெழுதும் முன் ஆசிரியரிடம் கேட்பது நல்லது.

கடவுச்சொல்லைத் தமிழில் வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வீடுகளில் பெருவழக்காக உள்ள டபிள்யூபிஏ-2 முறையில் இயலாது. அங்கே கடவுச்சொல் 8 முதல் 63 குறிகள் கொண்டதாக, ஆங்கில விசைப்பலகையில் உள்ள குறிகளால் மட்டுமே அமைய வேண்டும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். பழமொழியோ பாட்டின் முதலடியோ வேண்டாம், அவை பிறர் நினைவிலும் உள்ளவை. இம்முறையில் கருவியின் பெயருக்கும் ஒரு மறைவான வேலை உண்டு. கடவுச்சொல்லோடு பெயரின் பைட்டுகளையும் கலந்து, 4096 முறை கணக்கிட்டே திறவுகோல் உருவாக்கப்படுகிறது. எல்லாரும் மாற்றாமல் விடும் பொதுப்பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்கள் தீயவர் கையில் உள்ளன. தனித்த தமிழ்ப்பெயர் அத்தகைய பட்டியலில் இருப்பது அரிது. எனினும் கடவுச்சொல் எளியதாக இருந்தால் பெயர் காப்பாற்றாது. பெயரை மறைத்து வைக்கும் அமைப்பாலும் பெரிய பயனில்லை: மறைந்த பெயரைக் கைபேசிகளே தேடிக் கூவி வெளிப்படுத்திவிடும்.

ஏனைய அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடு என்ற கட்டத்தில் சிங்கப்பூர் இருக்க வேண்டும். எந்த அலைத்தடத்தை எவ்வளவு வலிமையில் பயன்படுத்தலாம் என்பது அதைப் பொறுத்தது. அடுக்குமாடிக் கட்டடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடை போன்றது. ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றைத் தேர்க. அருகருகே உள்ள இரு கருவிகளுக்கு வெவ்வேறு தடம் கொடுங்கள். வலிமையை உச்சத்தில் வைப்பது அண்டைவீட்டாருக்கே இடையூறு. கருவியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

தமிழ்ப்பெயர் நீளமாக இருப்பதால் வானலை வீணாகுமே என்று நண்பர் ஒருவர் கவலைப்பட்டார். கணக்கிட்டுக் காட்டினோம். 'செம்பவாங்' ஆங்கிலத்தில் 9 பைட், தமிழில் 27; மிகுதி 18 பைட், அதாவது 144 பிட். பீக்கன் மிக மெதுவான வேகத்தில், நொடிக்கு 10 லட்சம் பிட் வீதம் சென்றாலும், நொடிக்குப் பத்து அறிவிப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.4 மில்லி நொடிதான் மிகுதியாகச் செலவாகும். ஆனால் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக ஒரே கருவிக்கு இரு பெயர் சூட்டினால், ஒவ்வொன்றுக்கும் முழு அறிவிப்புத் தனித்தனியே சென்றாக வேண்டும். செலவு அங்கேதான். ஒரு பெயர் போதும். அது தமிழாக இருக்கட்டும்.

பள்ளிகளின் வலையமைப்பு மையமாக நிர்வகிக்கப்படுவது. அதில் ஆசிரியரோ மாணவரோ கை வைக்கக்கூடாது. பயிற்சிக்குக் கைபேசியின் பகிர்விணைப்பு போதுமானது. ஐஃபோனில் கைபேசியின் பெயரே அப்பகிர்விணைப்பின் பெயராகும். மாணவர் தம் பெயரைத் தமிழில் எழுதி, முதலில் தாளில் பைட்டுகளை எண்ணி, பின்னர் அமைப்பில் இட்டு, வெவ்வேறு நிறுவனங்களின் மூன்று கைபேசிகளிலேனும் பார்க்கட்டும். ஒகர, ஓகார, ஔகாரம் உள்ள பெயர்களை ஒரே விசைப்பலகையில் தட்டெழுதச் சொல்லுங்கள், ஒட்ட வேண்டாம்.

எங்கள் கூடத்தில் இப்போது இரு கருவிகளும் 'செம்பவாங்' என்ற ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒன்று முதல் தடத்தில், மற்றொன்று பதினொன்றாம் தடத்தில். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அண்டைவீட்டார் தம் கைபேசிப் பட்டியலில், ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே அதைக் கண்டு, யாருடையது என்று கேட்டுக்கொண்டு வருவதுண்டு. ஙகரத்தின் மேல் புள்ளி இருக்கிறதா என்று அந்த மாணவன் மட்டும் இன்னமும் வாரந்தோறும் பார்த்துவிட்டே அமர்கிறான்.